போகும்போது ரோனா, வரும்போது ரஜுலா

அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. பினாங்குக்கு அவர் கப்பல் ஏறியது 1937-இல். நாகப்பட்டினத்தில் திரும்ப வந்து இறங்கியது 1947 கடைசியில். நடுவில் பத்து வருஷம், அதில் மூன்றரை வருஷம் ஜப்பான்காரன் ஆட்சி. அதைப் பற்றியெல்லாம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். யாராவது விடாமல் கேட்டால், "போறப்ப ரோனா, வர்றப்ப ரஜுலா, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

ரஜுலாவை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு கப்பல் மட்டுமல்ல, ஒரு கிழமை மாதிரி. "ரஜுலா வந்த அன்னிக்கு", "ரஜுலா போன மறுநாள்" என்று கணக்கு வைத்துக்கொள்வோம். கரைக்கு வராது. தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படவுகளில் ஆளும் பெட்டியும் வந்துகொண்டே இருக்கும். கோடாலித் தைலம், பிஸ்கட் தகரம், கைலி, டார்ச் லைட்டு. கடற்கரையில் நின்று வேடிக்கை பார்த்த எங்களுக்கு மலாயா என்பது அந்தத் தகரப் பெட்டிகளுக்குள் இருக்கிற ஒரு வாசனைதான். இதையெல்லாம் இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. நீங்களும் உங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். திரும்பவும் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பதால் இதோடு விடுகிறேன்.

ஆனால் ரோனா? சின்ன வயதில் ஒரு தடவை கேட்டேன். "அது என்னப்பா ஆச்சு?"

"அது சண்டையில போயிடுச்சு."

அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. நானும் கேட்கவில்லை. அறுபது வருஷம் கழித்து என் தங்கை மகன் கேட்கவைத்தான்.

அவன் அமெரிக்காவில் இருக்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அமெரிக்கர். அவருடைய பெரியப்பா ஒருவர் இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கி இறந்துபோனவராம். கப்பலின் பெயர் ரோனா. இந்தியக் கம்பெனி மாதிரி ஏதோ பெயர், மாலுமிகளும் இந்தியர்கள் என்று சொன்னாராம். கூடவே இன்னொன்றும் சொன்னாராம்: "உங்கள் ஊர் மாலுமிகள் முதலில் படகில் ஏறித் தப்பித்துப் போய்விட்டார்கள். எங்கள் பையன்கள் தண்ணீரில் கிடந்தார்கள்." பகையாகச் சொல்லவில்லை, அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இரவு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, தாத்தா போன ரோனாவும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றேதான். ரோனாவும் ரஜுலாவும் கூடப்பிறந்த கப்பல்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, நம் பெரியவர்கள் பி.ஐ. கம்பெனி என்பார்களே, அது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் பாதைக்கென்றே 1926-இல் செய்யச் சொல்லி வாங்கிய ஜோடி. ரஜுலா கிளாஸ்கோவில் பிறந்தது. ரோனா இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் ஹெபர்ன் என்ற இடத்தில், ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில். ரோனா 8,602 டன், ரஜுலா 8,478. பக்கத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய ஒரே முகம்.

இந்தக் கப்பல்களுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமையா சிறுமையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மேல் வகுப்புப் பிரயாணிகளுக்கு அறைகள் கொஞ்சம்தான். டெக் பிரயாணிகள் என்று பாயும் பானையுமாகத் தட்டில் படுத்துப் போகிறவர்கள், ஒவ்வொரு கப்பலிலும் 5,000 பேருக்கு மேல் ஏற்றலாம் என்று உரிமம் வாங்கியிருந்தார்கள். 460 அடிச் சொச்சம் நீளம் உள்ள ஒரு கப்பலில் 5,000 பேர். ரப்பர் தோட்டத்துக்குப் போன ஜனங்கள் அப்படித்தான் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் பினாங்குக்குப் பக்கத்தில் புலாவ் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

சண்டை வந்ததும் இந்த மாதிரிக் கப்பல்கள் சர்க்காரின் கண்ணில் பட்டன. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. சொகுசுக் கப்பலைத் துருப்புக் கப்பலாக்க வேண்டுமானால் அறைகளைப் பெயர்த்து எடுக்க வேண்டும். ரோனாவில் பெயர்ப்பதற்கு என்ன இருக்கிறது? நம் ஜனங்கள் படுத்த தட்டுகள் அப்படியே விரிந்து கிடந்தன. தூளிக் கொக்கிகளை மாட்டிச் சிப்பாய்களைத் தொங்கவிட வேண்டியதுதான். ரோனா, ரஜுலா இரண்டுமே துருப்புக் கப்பல்கள் ஆயின. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பழைய பாதையும் மூடிப்போனது. அப்பா அந்தப் பக்கம், அப்பத்தா இந்தப் பக்கம். ரோனா அரபிக்கடலைத் தாண்டி மேற்கே உழைத்துக்கொண்டிருந்தது. 1943-இல் மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நவம்பரில் அல்ஜீரியாவில் உள்ள ஓரான் துறைமுகத்தில் சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டது. அவர்களை எங்கே கொண்டுபோவதற்கு? சூயஸ் வழியாக இந்தியாவுக்கு. ஆமாம், இங்கேதான். சீனா, பர்மா, இந்தியா போர்முனைக்கு. அதில் 853-ஆம் எஞ்சினியர் படைப்பிரிவு என்று விமானத்தளம் போடுகிற பட்டாளம் ஒன்று இருந்தது. பையன்களில் பலருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. கப்பலைப் பார்த்ததும் முகம் சுளித்திருக்கிறார்கள். அழுக்கு, துரு, நெரிசல், எலி என்று பிழைத்து வந்தவர்கள் பிற்பாடு நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமும் வந்தது, சிரிப்பும் வந்தது. 2,000 பேருக்கே மூச்சு முட்டிய தட்டில் 5,000 பேர் ஏறலாம் என்று எங்கள் ஆட்களுக்குச் சீட்டுக் கொடுத்தார்களே, அவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை. அப்பா எழுதியது அந்த ஒரு வாக்கியம்தான், அதையும் வாயால்.

நவம்பர் 25 அமெரிக்கர்களின் நன்றியறிதல் பண்டிகை. அன்றுதான் ஓரானிலிருந்து கிளம்பியது. மறுநாள் 26-ஆம் தேதி சாயங்காலம், பூஜி என்ற ஊருக்கு நேரே கடலில் கப்பல் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவர்களிடம் அப்போது புதிதாக ஒரு ஆயுதம் இருந்தது. ஹென்ஷல் 293 என்று பெயர். சிறகு வைத்த குண்டு. விமானத்திலிருந்து விட்ட பிறகும் ரேடியோ மூலமாக அதைத் திருப்பித் திருப்பி ஓட்டலாம். அன்றைக்கு நிறையக் குண்டுகள் குறி தவறின. ஒன்று ரோனாவின் இடது பக்கத்தில், எஞ்சின் அறையை ஒட்டிப் புகுந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தாக்குதலில் மூழ்கிய கப்பல் அது ஒன்றுதான்.

கடல் அன்று கொந்தளிப்பு. நவம்பர் மாதம், பொழுதும் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கத்துப் படகுகள் வெடியிலேயே நொறுங்கின. மீதியை இறக்கலாம் என்றால் கயிறும் கப்பியும் துருப்பிடித்து, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து இறுகிக் கிடந்தன. இருபதுக்கு மேற்பட்ட படகுகளில் எட்டுத்தான் தண்ணீரைத் தொட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை ஆள் பாரத்தில் நிரம்பிக் கவிழ்ந்தன. சிப்பாய்களுக்கு இடுப்பில் கட்டி ஊதிக்கொள்ளும் ரப்பர் பெல்ட் கொடுத்திருந்தார்கள். அதை ஏற்றி அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டும் என்று பலருக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. இடுப்பில் கட்டியவர்களை அது தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பயனியர் என்கிற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் இரவோடு இரவாக 606 பேரைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறது. வேறு சில கப்பல்களும் எடுத்தன. இறந்துபோன அமெரிக்கர்கள் 1,015. எதிரியின் தாக்குதலால் கடலில் ஒரே நேரத்தில் அந்த நாடு இழந்த சிப்பாய்களின் எண்ணிக்கையில் இதுதான் அதிகம். 853-ஆம் பிரிவில் மட்டும் 495 பேர்.

இவ்வளவு பெரிய விஷயம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? மறைத்தார்கள். ரேடியோவால் ஓட்டும் குண்டு ஒன்று வேலை செய்கிறது, அதுவும் இப்படி வேலை செய்கிறது என்று ஜெர்மானியருக்கு உறுதிப்பட்டுவிடக் கூடாது என்பது காரணம். பிழைத்தவர்களை வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். குடும்பங்களுக்குக் 'காணவில்லை' என்று தந்தி போனது. எங்கே, எப்படி, எந்தக் கப்பல், எதுவும் கிடையாது. சண்டை முடிந்த பிறகும் வருஷக்கணக்காகச் சரியான தகவல் வெளியே வரவில்லை. பல பெற்றோர் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

நான் முப்பத்தேழு வருஷம் தபால் தந்தி இலாகாவில் இருந்தவன். தந்தியில் வருகிற வார்த்தைகளில் எனக்குப் பிடிக்காதது 'காணவில்லை' தான். 'இறந்தார்' என்று வந்தால் வீட்டில் அழுகை கிளம்பும், பத்து நாளில் காரியம் நடக்கும், பிறகு அடுப்பு எரியும். 'காணவில்லை' வந்த வீட்டில் வாசல் கதவைச் சாத்த மாட்டார்கள். 1977 புயலுக்குப் பிறகு பார்த்திருக்கிறேன். 2004-க்குப் பிறகு எங்கள் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஆகையால் என் தங்கை மகனின் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டுக் கதவும் ரொம்ப நாள் சாத்தாமல் இருந்திருக்கும்.

ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

மாலுமிகள் முதலில் ஓடிவிட்டார்கள். இது அவர் மட்டும் சொல்வதல்ல. பிழைத்த சிப்பாய்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. படகில் கறுப்புத் தலைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்த பார்வையில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலாவது, கப்பல் பழக்கம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். படகை இறக்குவது யார் வேலை? மாலுமியின் வேலை. இறங்கிய படகைத் துடுப்புப் போட்டுக் கப்பலிலிருந்து விலக்கி, தண்ணீரில் கிடக்கிறவர்களைத் தூக்குவது யார்? அதுவும் மாலுமிதான். ஒவ்வொரு படகுக்கும் இன்னார் என்று தண்டல், சுக்கானி முதல் கீழே வரை முன்கூட்டியே பெயர் போட்டு வைப்பது எல்லாக் கப்பலிலும் உள்ள முறை. தூரத்திலிருந்து பார்க்கிற இருபது வயதுச் சிப்பாய்க்கு, படகில் தன் இடத்தில் நிற்கிற மாலுமியும் தப்பித்து ஓடுகிற மாலுமியும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மொழியும் தெரியாது. ஓடியவர்கள் சிலர் இருந்திருக்கலாம். சாவு முன்னால் நிற்கும்போது ஓடுகிறவன் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் 'மாலுமிகள் ஓடினார்கள்' என்று மொத்தமாகச் சொல்வது வேறு.

இரண்டாவது கணக்கு. எனக்குப் பிடித்த கணக்கு, ஆகவே நிதானமாகப் படியுங்கள். கப்பலில் இருந்த அமெரிக்கர்கள் சுமார் 2,000, இறந்தவர்கள் 1,015. பாதிக்குப் பாதி. மாலுமிகள் 195 பேர், அதில் இறந்தவர்கள் 117. அதாவது பத்துக்கு ஆறு. கப்பல் அதிகாரிகள் ஐந்து பேர் தனி. முதலில் படகேறித் தப்பித்தவர்கள் கூட்டத்தில், தப்பிக்க முடியாதவர்களின் கூட்டத்தைவிட அதிக விகிதத்தில் எப்படிச் சாவு விழும்? இதைத் தங்கை மகனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எஞ்சினியர் பையன், மனதுக்குள் வகுத்துப் பார்த்திருப்பான்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கை வைத்து அவர்கள் எல்லோரும் வீரர்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. குண்டு விழுந்தது எஞ்சின் அறைப் பக்கம். அங்கே நிலக்கரிப் புழுதியிலும் சூட்டிலும் வேலை செய்தவர்கள் வெடித்த கணத்திலேயே போயிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. 117-இல் அவர்களும் அடக்கம். எப்படிப் பார்த்தாலும், ஓடிப்போனவர்கள் என்கிற பட்டத்தைச் சுமக்க வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

அந்தப் படகுக் கயிறு துருப்பிடித்ததற்கும் கப்பி இறுகியதற்கும் யார் பொறுப்பு? அதைச் செப்பனிடச் சொல்வது, பழுது பார்க்கப் பணம் ஒதுக்குவது, கப்பலை நிறுத்தி வைக்க நாள் கொடுப்பது எல்லாம் மேலே உள்ள காரியங்கள். சண்டை நேரத்தில் அதற்கெல்லாம் யாருக்கும் அவகாசம் இல்லை என்பதும் உண்மை. கேப்டன் மர்பி ஆஸ்திரேலியர், கடைசிவரை கப்பலில் நின்று பிழைத்தவர். அவரையும் நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பழி எங்கே போய் இறங்கியது பாருங்கள். கம்பெனி வேண்டாம், யுத்த இலாகா வேண்டாம், பெல்ட் கட்டச் சொல்லித் தராதவர் வேண்டாம். பதில் எழுதத் தெரியாதவன் தலையில் இறங்கியது.

இது எனக்குப் பழக்கமான சங்கதி. நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில், எந்த ஊர் என்று வேண்டாம், ஒரு தடவை இன்ஷ்யூர் செய்த பார்சல் ஒன்று காணாமல் போனது. பை கட்டுகிற ஆளைத்தான் எல்லோரும் பார்த்தோம். 'எல்லோரும்' என்றால் நானும்தான். நாலு மாதம் அவருக்குச் சம்பளம் நின்றது. அப்புறம் பார்சல் வேறொரு ஊரில் தவறான அலமாரியில் இருந்தது தெரிந்தது. தப்பு செய்தது மேஜை நாற்காலி உள்ள ஆள். அந்தப் பை கட்டுகிறவர் எங்கள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வந்து பை கட்டினார். அவரைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

அந்த மாலுமிகளுக்கு என்ன சம்பளம் தெரியுமா? பி.ஐ. போன்ற கம்பெனிகள் வங்காளம், குஜராத், ரத்னகிரி, கோவா என்று ஆள் எடுத்தன. அதே கடலில் போன வெள்ளைக்கார மாலுமியின் கூலியில் கால்வாசி அளவுக்கும் இவர்கள் கூலி எட்டாது. 1939-இல் சண்டை தொடங்கியதும், ஆபத்து ஒன்றாக இருக்கும்போது கூலி மட்டும் ஏன் வேறு என்று லண்டனிலும் மற்றத் துறைமுகங்களிலும் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல பேர் ஜெயிலுக்குப் போனார்கள். கூலி கொஞ்சம் ஏறியது, சமமாக ஆகவில்லை. அதற்குப் பிறகும் கப்பல் ஏறினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தேசபக்தியா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து வயிற்றுப்பாடுதான். அப்பா பினாங்குக்குப் போனதும் அதற்குத்தான்.

இப்போது நினைவுச் சின்னங்களைப் பாருங்கள். அமெரிக்கர்கள் தாமதமானாலும் செய்தார்கள். பிழைத்தவர்கள் 1990-களில் கூடிச் சங்கம் வைத்து, 1996-இல் அலபாமாவில் ஒரு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் ரோனாவுக்குக் கல் வைத்தார்கள். 2000-இல் அவர்கள் பார்லிமெண்டில் தீர்மானமே போட்டார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் போய்க் கடலில் இறந்தவர்களுக்கு லண்டன் டவர் ஹில்லில் பெயர் பெயராகப் பொறித்த நினைவிடம் இருக்கிறது. நம் மாலுமிகளுக்கு? பம்பாயில் மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லத்தில் ஒரு நினைவிடம். அங்கே பெயர்கள் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. இந்தியக் கடற்படையினர் 400-க்கு மேல், வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். அதே மாதிரி இன்னொரு புத்தகம் சிட்டகாங்கில். கல்லில் இருந்தால் வழியில் போகிறவன் நிற்பான், விரல் வைத்துத் தேடுவான். புத்தகம் என்றால் கேட்டு வாங்கித் திறக்க வேண்டும். ஏறக்குறைய 6,000 பெயர்களைக் கல்லில் வெட்ட இந்த நாட்டில் சுவரா இல்லை? எம்.எல்.ஏ. வைத்த பயணிகள் நிழற்குடையில்கூட அவர் பெயர் கல்லில்தான் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. ரஜுலாவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அது சண்டையைத் தாண்டி வந்து, இன்னும் கால் நூற்றாண்டு நம் ஜனங்களைச் சுமந்து, 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, 'ரங்கத்' என்று பெயர் மாறி, மறு வருஷமே பம்பாயில் உடைபட்டது. நல்ல சாவு. அதற்குப் பாட்டியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறோம். ரோனா இதே ஆழத்தில் நின்றது. இதே படவுகள் அதற்கும் ஆள் ஏற்றின. 1926 முதல் சண்டை வரும்வரை எத்தனை ஆயிரம் பேரை அக்கரை சேர்த்திருக்கும். அது மூழ்கிய கதை அமெரிக்காக்காரனுக்குத்தான் சொந்தம் என்பது போல விட்டுவிட்டோம். அதனால்தான் அவர்கள் சொல்வதுதான் அதன் கதை என்று ஆகிவிட்டது. தாத்தா ஏறிய கப்பலைப் பற்றி ஒரு அமெரிக்கர் சொல்லிப் பேரன் தெரிந்துகொள்கிறான் என்றால் தப்பு அமெரிக்கர் மேல் இல்லை. அப்பாவிடம் இரண்டாவது கேள்வி கேட்காத என் மேல்தான்.

நாகப்பட்டினம் துறைமுகத்தின் பழைய காலத்தைப் பற்றி எங்காவது ஒரு பலகை வைத்தால், ரஜுலா பெயருக்குப் பக்கத்தில் ரோனாவையும் எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். செலவு ஒரு வரி. மாலுமிகள் 117 பேர் என்பதையும் சேர்த்தால் ஒன்றரை வரி.

போன வாரம் தங்கை மகன் மறுபடி போன் செய்தான். அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னானாம். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "என் பாட்டி அப்படித்தான் சொன்னார்" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு நாள் கழித்து அவரே வேலிப் பக்கம் வந்து, "அந்த 117 பேருக்குப் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

"இருக்கா மாமா?"

"பம்பாயில் ஒரு புத்தகத்தில் இருக்கணும்டா" என்றேன்.

தைக்கு ஊருக்கு வருகிறான். சென்னைக்கு நேராக டிக்கெட் போடாதே, பம்பாயில் இறங்கு, நான் ரயிலில் வந்து சேருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமா என்கிறாள் என் மனைவி. கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது.